சாக்கில் கட்டுவதற்கு முன் சிறுநீரைப் பரிசோதியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் வளர்ப்புப் பூனைகளைக் கைவிடுபவர்கள் அடிக்கடி சொல்லும் காரணம், 'கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிறது' என்பதாகும். மெத்தையிலும் சோபாவிலும் மடித்து வைத்த துணியிலும் சிறுநீர் கழித்த பூனையைச் சாக்கில் கட்டி, ஏற்காடு அடிவாரத்திலோ மலைப்பாதையின் முதல் சில கொண்டை ஊசி வளைவுகளிலோ அவிழ்த்துவிட்டுத் திரும்பும் வழக்கம் நம் நகரத்தில் இருந்து வருகிறது. மலைக்குச் செல்லும் வழியிலுள்ள அஸ்தம்பட்டியில் மருந்துக்கடை நடத்துபவன் என்ற முறையில், பூனை வளர்ப்பவர்கள் கடைக்கு வந்து கேட்கும் மருந்துகளையும் சொல்லும் குறைகளையும் வைத்து இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் கால்நடை மருத்துவன் அல்லன். ஆயினும், அவர்கள் சொல்லும் அடையாளங்களைக் கேட்கும்போது, அப்படிக் கொண்டுபோய் விடப்படும் பூனைகளில் பல உடல்நலம் கெட்டவை என்றும், மருத்துவரிடம் ஒருமுறை காட்டியிருந்தால் அவை வீட்டிலேயே இருந்திருக்கும் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

பூனை இயல்பிலேயே தன் கழிவை மண்ணைத் தோண்டி மூடும் பிராணி. குட்டியாக இருக்கும்போதே, எவரும் கற்றுத் தராமலேயே, வீட்டுக்குள் கழிவுக்கென்று வைக்கும் மணல் தட்டைக் கண்டதும் காலால் பறிக்கத் தொடங்கிவிடும். இத்தனை சுத்தம் பார்க்கும் பிராணி, மாதக்கணக்கில் ஒழுங்காகப் பயன்படுத்தி வந்த மணல் தட்டை விட்டுவிட்டு ஒருநாள் திடீரெனக் கட்டிலின் மேல் சிறுநீர் கழிக்கிறது என்றால், அதை வீம்பு என்றும் பழிவாங்கல் என்றும் நாம் சொல்வது பொருந்தாது. சிறுநீர் கழிக்கும்போது வலி எடுத்தால், அந்த வலியைப் பூனை தான் நின்றிருந்த இடத்தோடு சேர்த்தே நினைவில் வைக்கிறது. மணல் தட்டில் ஏறினால் வலிக்கிறது என்று அதற்குப் பதிந்துவிட்டால், வலிக்காத இடத்தைத் தேடி மெத்தைக்கும், குளிர்ந்த டைல்ஸ் தரைக்கும், குளியலறைக்கும் போய்ப் பார்க்கிறது.

கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது ஆன்டிபயாடிக் மாத்திரை. மனிதர்களுக்குச் சிறுநீர்க் கடுப்பு வந்தால் கிருமித் தொற்று என்று நினைப்பதைப் போலவே பூனைக்கும் நினைக்கிறார்கள். ஆனால் இளம் பூனைகளிலும் நடுத்தர வயதுப் பூனைகளிலும் கிருமித் தொற்றால் வரும் சிறுநீர்க் கோளாறு மிகக் குறைவு. இத்தகைய பூனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு, குறிப்பிட்ட காரணம் எதுவும் பிடிபடாமல் சிறுநீர்ப்பையின் உட்சுவர் புண்ணாகி வீங்கும் அழற்சியே இருக்கிறது. மன அழுத்தத்துக்கும் இந்த அழற்சிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. வேறு சிலவற்றுக்குச் சிறுநீரில் உப்புப் படிகங்கள் சேர்ந்து கல்லாகியிருக்கும். அவற்றுள் ஸ்ட்ரூவைட் என்னும் வகைக் கல்லை மருத்துவர் தரும் தனி உணவாலேயே கரைத்துவிட முடியும். கால்சியம் ஆக்சலேட் கல் கரையாது, அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். வயதான பூனை என்றால் சிறுநீரக நோய், சர்க்கரை நோய், தைராய்டு சுரப்பு மிகை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றால் சிறுநீரின் அளவு கூடியிருக்கலாம். மூட்டு வலியால் உயர்ந்த விளிம்புள்ள தட்டில் ஏற முடியாமலும் இருக்கலாம். கிருமித் தொற்று அதிகம் காணப்படுவதும் இந்த வயதில்தான். இத்தனை காரணங்களில் எது என்பதைச் சிறுநீர்ப் பரிசோதனையும், வேண்டுமானால் ஸ்கேனும் செய்துதான் சொல்ல முடியும் என்னும்போது, மருந்துக்கடையில் அரைப் பட்டை மாத்திரை வாங்கிப் பொடித்துப் பாலில் கலந்து கொடுப்பதால் விளையும் பயன் என்ன?

மாத்திரையைப் பற்றி இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பூனை வலியால் கத்துகிறதே என்று பாராசிட்டமால் கேட்பவர்கள் உண்டு. பாராசிட்டமாலைப் பாதுகாப்பாக முறித்து வெளியேற்றும் என்சைம் பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. நாம் சாதாரணமாக விழுங்கும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையின் உயிரைப் பறிக்கப் போதுமானது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறுகள் பழுப்பேறி, முகமும் பாதங்களும் வீங்கி, மூச்சுத் திணறி அது சாகும். ஐபுபுரோஃபென், டைக்குளோஃபெனாக் ஆகியவையும் அதன் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுக்கும். மருந்துக்கடைக்காரர்கள் அனைவரும், வீட்டுப் பிராணிக்கு என்று எவரேனும் வலி மாத்திரை கேட்டால் கொடுக்காமல் மருத்துவரிடம் அனுப்பிவைக்க வேண்டும் என்று சக தொழிலாளன் என்ற உரிமையில் கேட்டுக்கொள்கிறேன்.

இவை எல்லாவற்றையும் விட அவசரமானது கடுவன் பூனையின் சிறுநீர் அடைப்பு. பெட்டையைக் காட்டிலும் கடுவனுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் மிகக் குறுகலானது, நீளமும் அதிகம். சிறு படிகங்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துக்கொண்டால் சிறுநீர் வெளியேற வழியே இல்லாமல் போகும். அந்தப் பூனை திரும்பத் திரும்ப மணல் தட்டுக்குப் போய்க் குந்தும், முக்கும், ஒரு சொட்டு வரும் அல்லது அதுவும் வராது, குறியை விடாமல் நக்கும், அடித்தொண்டையில் கத்தும். வீட்டில் உள்ளவர்கள் அதை மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுக்கிறார்கள், அல்லது வீடெங்கும் சொட்டுச் சொட்டாகப் போகிறதே என்று சினந்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். அதற்குள் சிறுநீர்ப்பை நிறைந்து கெட்டியாகி, சிறுநீரகம் வேலை செய்வதை நிறுத்தி, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பே தடுமாறத் தொடங்கிவிடும். முழு அடைப்பு ஏற்பட்ட பூனைக்கு ஒரு நாள் கடந்தாலே நிலைமை மோசம்; இரண்டு மூன்று நாள்களுக்குள் இறந்துவிடும். வாந்தி எடுக்கத் தொடங்கி, உணவை வெறுத்து, ஓரிடத்தில் சுருண்டு படுத்துவிட்டால் நச்சு உடலெங்கும் ஏறிவிட்டது என்று பொருள். வயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்றப் பார்க்கவே கூடாது. நிறைந்த சிறுநீர்ப்பை கிழிந்துவிடும். கூடையிலோ துணிப்பையிலோ வைத்து, இரவு என்றும் விடுமுறை என்றும் பாராமல், திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்வதுதான் ஒரே வழி. மயக்க மருந்து கொடுத்து மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துக்கொள்கின்றன. ஏற்காட்டில் எஸ்டேட் குடியிருப்புகளில் பூனை வளர்ப்பவர்கள், இருபது வளைவுகளையும் இறங்கி நகரத்துக்கு வரவேண்டியிருக்கிறது என்பதால், விடியட்டும் என்று காத்திராமல் அடையாளம் தெரிந்த உடனே கிளம்பிவிடுவது நல்லது.

இந்தக் கோளாறுகளுக்கு வெயிலும் ஒரு துணைக் காரணம். பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை வறண்ட நிலத்தில் வாழ்ந்தது. இரையின் உடலிலுள்ள நீரையே பெரும்பாலும் நம்பியிருந்த அந்த இனத்துக்குத் தாக உணர்வு குறைவு. சித்திரை வைகாசியில் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாள்களில், காய்ந்த பாக்கெட் தீவனத்தை மட்டுமே தின்று கொஞ்சமாக நீர் குடிக்கும் பூனையின் சிறுநீர் மிகவும் கெட்டிப்படுகிறது. வேகவைத்த மீனோ கோழியோ கொடுக்கும்போது உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் வேகவைத்த நீரோடு பிசைந்து வைக்கலாம். தண்ணீர்க் கிண்ணத்தைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் வேறு இரண்டு மூன்று இடங்களில் வைத்தால் கூடுதலாகக் குடிக்கும்.

மருத்துவர் பார்த்து, உடலில் குறை இல்லை என்று சொன்ன பிறகு, நாம் பார்க்க வேண்டியது மணல் தட்டை. முன்பு நம் வீடுகளில் புழக்கடை இருந்தது, பூனை தானே போய்த் தோண்டி மூடிவிட்டு வரும், எவருக்கும் தெரியாது. இன்று அழகாபுரத்திலும் ஃபேர்லேண்ட்ஸிலும் அடுக்குமாடியில் வளரும் பூனைக்கு மண் என்பதே அந்த ஒரு தட்டுதான். கடையில் கிடைக்கும் சிறிய தட்டு வளர்ந்த பூனைக்குப் போதாது. மூக்கிலிருந்து வாலின் அடிவரை உள்ள நீளத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, இரண்டு பூனைக்கு மூன்று என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அவற்றையும் ஒரே மூலையில் அடுக்கினால் பூனையின் கண்ணுக்கு அது ஒரு தட்டுதான். வாசனை சேர்த்துக் கடையில் விற்கும் பூனை மணல் நம் மூக்குக்கு இதமாக இருந்தாலும் பூனைக்கு உவப்பதில்லை. பரல் பெரிதாக இருந்தால் பாதத்தில் குத்தும். சலித்த நுண்மணலை இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பினால் பெரும்பாலான பூனைகள் ஏற்றுக்கொள்ளும். வாஷிங் மெஷினுக்கு அருகில் தட்டை வைத்துவிட்டு, அது சுழலும் சத்தத்தில் மிரண்ட பூனை அங்கே வரவில்லை என்று குறைபட்டுக்கொள்ளும் வீடுகள் உண்டு. நாள்தோறும் கட்டிகளை அள்ளி, வாரம் ஒருமுறையாவது தட்டைக் கழுவாத வீட்டில், பூனை வேறு இடம் தேடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டைப் பகுதிகளின் நெசவாளர் வீடுகளைப் பற்றித் தனியாக எழுத விரும்புகிறேன். தறியில் நீளவாக்கில் கட்டும், கஞ்சி போட்ட பாவு நூலை எலி கடித்துவிடும் என்பதால் தறி உள்ள வீட்டில் பூனைக்கு எப்போதும் இடம் உண்டு. அதே பூனை பாவின் மேலோ நூல் கண்டின் மேலோ சிறுநீர் கழித்துவிட்டால், குறிப்பாகப் பட்டு நூலாக இருந்தால், பல நாள் உழைப்பும் முதலாளியிடம் எடுத்த நற்பெயரும் போய்விடும். அந்தக் கோபத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பூனையின் பக்கத்திலிருந்து பார்த்தால், மென்மையான நூல் குவியல் காலுக்கு இதமான இடம். குழித்தறியின் குழியோ மண் வாசனையும் இருட்டும் உள்ள மறைவிடம். அங்கே போகாதே என்று அதற்குப் புரியவைக்கும் மொழி நம்மிடம் இல்லை. இரவில் தறி அறைக் கதவைச் சாத்தி வைப்பதும், முடியாதபோது பாவின் மேல் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்து மூடி வைப்பதும், குழி இருக்கும் பக்கமாகவே ஓர் அகலமான மணல் தட்டை வைத்துவிடுவதும் செலவில்லாத ஏற்பாடுகள். எலியைப் பிடிக்கும் பூனையை இழந்த வீட்டில் அடுத்து நுழைவது எலி மருந்து. குழந்தைகள் தவழும் வீட்டில் அதன் ஆபத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

சிறுநீர் பட்ட இடத்தைச் சுத்தம் செய்யும் முறையில்தான் நம் வீடுகளில் பெரும் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பூனை அசுத்தம் செய்த இடத்தில் உடனே ஃபினாயில் ஊற்றித் துடைப்பது நம் வழக்கம். ஃபீனால் வகைச் சேர்மங்களையும் பூனையின் கல்லீரல் முறிக்க வல்லதன்று. துடைத்த தரையில் நடந்து, பின் பாதத்தை நக்கும்போது அந்த நஞ்சு நேராக அதன் வயிற்றுக்குள் போகிறது. டெட்டாலுக்கும் இதுவே பொருந்தும். பூனை வரக்கூடாது என்று அலமாரி மூலையில் போடும் அந்துருண்டையும் பூனைக்கு நஞ்சு. பிளீச்சிங் பவுடரைச் சிறுநீரின் மேல் தூவினால், அதிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும் வாயு கிளம்பும்; இது மனிதர்களுக்கே கேடு. இவ்வளவும் செய்த பிறகும் பூனை அதே இடத்துக்குத் திரும்ப வருகிறதே என்று கேட்பவர்களுக்குப் பதில், அங்கே வாசனை இன்னும் இருக்கிறது என்பதுதான். சிறுநீரில் வாசனை தரும் பொருள்கள் வெறும் தண்ணீரில் முழுவதும் போவதில்லை. காய்ந்தபின் நமக்குத் தெரியாமல் போகும். மழைக்காலத்து ஈரம் பட்டவுடன், ஏற்காட்டில் மூடுபனி இறங்கியவுடன், மீண்டும் வீசத் தொடங்கும். ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, என்சைம் கலந்த சலவைத்தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிச் சற்று நேரம் ஊறவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, மெத்தையாக இருந்தால் வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். பிராணிகளின் சிறுநீர்க் கறைக்கென்றே விற்கும் என்சைம் திரவமும் கிடைக்கிறது.

பூனையின் மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பதும் அடிப்பதும் இன்னும் நடக்கின்றன. நடந்து முடிந்த செயலுக்கும் விழும் அடிக்கும் உள்ள தொடர்பு பூனைக்கு விளங்காது. அது கற்றுக்கொள்வதெல்லாம் அடிக்கும் மனிதருக்கு அஞ்சி ஒளிவதைத்தான். முன்பு சொன்ன சிறுநீர்ப்பை அழற்சி அச்சத்தால் முற்றும் என்பதால், அடி விழும் வீட்டில் சிறுநீர் போகும் இடங்கள் கூடுமே தவிரக் குறையாது. வீடு மாறியது, புதுக் குழந்தை வந்தது, கட்டட வேலை நடந்தது, தீபாவளி வெடிச்சத்தம், சன்னலுக்கு வெளியே வேற்றுக் கடுவன் உலவியது என்று சமீபத்தில் என்ன மாறியது என்பதை யோசித்துப் பார்த்தால் விடை பெரும்பாலும் கிடைக்கும்.

சுவரிலும் பீரோவிலும் பின்பக்கத்தைக் காட்டி நின்றபடியே, வால் நடுங்கப் பீய்ச்சுவது வேறு சங்கதி. அது எல்லை குறிக்கும் செயல். பெரும்பாலும் கருத்தடை செய்யாத கடுவனின் பழக்கம். கருத்தடை அறுவை செய்தால் பத்தில் ஒன்பது கடுவன்கள் அதை விட்டுவிடுகின்றன. பழக்கம் ஊறுவதற்கு முன், ஐந்தாறு மாத வயதிலேயே செய்துவிடுவது மேல்.

மலையில் விடப்படும் பூனையின் கதி என்ன என்பதையும் விட்டவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கிண்ணத்தில் சோறு தின்று வளர்ந்த பூனைக்குச் சேர்வராயன் மலைக்காட்டில் பிழைக்கத் தெரியாது. சாலையோரத்திலேயே வாகனங்களை எதிர்பார்த்து நின்று, சக்கரத்தில் அடிபட்டும் பட்டினியாலும் நாய்க்கூட்டத்தாலும் முடிகிறது. பிழைத்த ஒன்றிரண்டு மலையின் பறவைகளைத் தின்று வாழ்கின்றன. சிறுநீர் அடைப்போடு விடப்பட்ட கடுவனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதிப்பது 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையிலான அபராதம் மட்டுமே என்பது வேதனைக்குரியது. அந்தத் தொகையைத் திருத்தும் பொறுப்பு நாடாளுமன்றத்துக்கு உரியது. ஆயினும் அடிவாரத்தில் ஓர் அறிவிப்புப் பலகை வைப்பதற்கும், சோதனைச் சாவடியில் சாக்கோடு வருபவர்களை விசாரிப்பதற்கும் சட்டத் திருத்தம் தேவையில்லை.

கால்நடை பராமரிப்புத் துறைக்கு எனது வேண்டுகோள் இது. நம் மாவட்டத்தின் தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பக்கத்து நாமக்கல்லில் பல ஆண்டுகளாக ஒன்று இயங்கி வருகிறது. மாடும் ஆடும் கோழியும் வளர்ப்பவர்களின் வாழ்வாதாரத்துக்கு அரசு மருத்துவமனைகள் முதலிடம் தருவது முற்றிலும் நியாயமே. அதற்கு இடையூறு இல்லாமல், சேலம் நகரத்தில் வாரத்தில் ஒருநாள் பிற்பகலைப் பூனைகளின் கருத்தடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் ஒதுக்கலாம். கடுவன் பூனைக்குச் செலுத்தும் மெல்லிய சிறுநீர்க் குழாய் எந்நேரமும் இருப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். அடைப்பு ஏற்பட்ட பூனையை இரவில் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவது என்பதை, ஏற்காட்டிலும் நகரத்தின் மண்டல அலுவலகங்களிலும் மக்கள் பார்க்கும்படி எழுதி வைக்கலாம்.

தங்கள் நாளிதழும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, பூனைகளின் சிறுநீர் அடைப்பின் அடையாளங்களை ஒரு சிறு கட்டமிட்டுக் கோடைக்காலம் தொடங்குவதற்கு முன்பே வெளியிடுமாறு வேண்டிக்கொள்கிறேன். அதைக் கத்தரித்து என் கடையின் முகப்பில் ஒட்டிவைக்கக் காத்திருக்கிறேன். மற்ற மருந்துக்கடைக்காரர்களிடமும் கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மருந்துக்கடை உரிமையாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்.